எல்லைக்குள் இருந்த தண்ணீர்

காலை ஆறு மணிக்கு, வேலைக்கு ஆள் கணக்கெடுக்கும் பிரட்டுக்களத்தில் தப்புப் பறை ஒலித்தது. தொழிலாளர் லயத்தின் கடைசிக் காம்பறாவில் அருள்மணி எழுந்திருக்கவில்லை. அந்தோனியம்மா மகளின் தோளைப் பிடித்து உலுக்கினாள். தோள் விறைத்திருந்தது. பாயின் ஒரு பக்கம் வாந்தியெடுத்த சட்டி. மறுபக்கம் பாதி குடித்த ஒரு செம்புத் தண்ணீர்.

அது 1964, ஆனி மாதம். எல்கடுவைக்கு மேலே, மேகம் வாசல் வரை வந்து போகும் ஒரு தேயிலைத் தோட்டம். அதற்கு முதல் நாள்தான் அங்கே அந்தோனியார் திருநாள். அதற்கும் முந்தின இரவு கொட்டிய பெருமழையைப் பொருட்படுத்தாமல் தேர் சுற்றி, பூசை முடிந்து, எல்லோருக்கும் அண்டாவில் சர்பத் கரைத்து ஊற்றினார்கள். மாலைக்குள் பாதி லயம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டது. விடியும்போது அருள்மணி இல்லை.

சர்பத்துக்குச் சீனி கொடுத்தவர் உக்குவளைக் கடைக்காரர் லாபிர். அன்று பின்னேரமே பொலிஸ் ஜீப் அவர் கடை வாசலில் நின்றது.

*

இரண்டு கிழமை கழிந்த ஒரு சனிக்கிழமை. லாபிரின் மகள் மஸீனா கிணற்றடியில் வாப்பாவின் சாரத்தைத் துவைத்துக்கொண்டிருந்தாள். மறியலில் அடைபட்டிருப்பவருக்கு மாற்றுச் சாரம் கொண்டுபோக வேண்டும். எத்தனை தேய்த்தும் சவர்க்காரம் நுரைக்கவில்லை. தயிர் திரிந்தது போல வெள்ளைத் துணுக்குகள் வாளியில் மிதந்தன. உக்குவளையில் எந்தக் கிணறும் அப்படித்தான். நிலத்துக்கடியில் முழுக்கச் சுண்ணாம்புக் கல். பிறந்ததிலிருந்து பார்த்த காட்சி. அவள் அதைப்பற்றி யோசிக்கவில்லை.

மஸீனா இரசாயனம் படித்துப் பட்டம் வாங்கியவள். அவ்வூர்ப் பாடசாலையில் விஞ்ஞானம் படிப்பித்தாள். பாடம் நடத்தும்போதுகூடக் கரும்பலகையைப் பார்த்துத்தான் பேசுவாள். நாலு பேர் நிற்கும் இடத்தில் வாய் திறக்கச் சொன்னால் உள்ளங்கை வியர்த்துவிடும். ஆனாலும் அன்று காலை ஒன்பது மணிக்கு மாத்தளைப் பொலிஸ் நிலையத்தில் இன்ஸ்பெக்டர் இராயப்பனின் மேசைக்கு முன்னால் நின்றாள்.

"கொழும்புல இருந்து றிப்போர்ட் வந்திட்டுது டீச்சர். தண்ணியில பிழை இல்ல."

"ஆசனிக் நஞ்சு எவ்வளவு, சேர்?"

"லீட்டருக்கு 0.01 மில்லிகிராம்."

"எல்லை 0.05."

"அப்ப எல்லைக்குள்ளதானே? சர்பத்துல இருந்தது ரெண்டு சாமான். ஒண்டு தண்ணி, மத்தது சீனி. தண்ணி சுத்தம்."

"அதே மூட்டைச் சீனியிலதான் நாங்களும் அண்டைக்குத் தேத்தண்ணி குடிச்சோம்."

"வீட்டு ஆக்கள் சொல்றது கோட்டுல எடுபடாது. மூட்டையில ஒரு மணி மிஞ்சியிருந்தா அதையும் அனுப்பியிருப்பேன். திங்கக்கிழமை வழக்குப் பதிவாகும்."

அவள் குரல் இறங்கியது. ஆனால் அவள் நகரவில்லை. "தண்ணி எடுத்த இடத்தை நான் ஒருக்காப் பார்க்கணும்."

இராயப்பன் அவளை மேலும் கீழும் பார்த்தார். அவர் அன்று எப்படியும் மலைக்குப் போகவேண்டியிருந்தது. மேட்டுத் தொட்டியிலிருந்து வந்து விழும் பீலித் தண்ணீரைத் தொடமாட்டோம் என்று லயத்துச் சனம் அடம்பிடிக்கிறது. றிப்போர்ட்டை வாசித்துக் காட்ட வேண்டும். நம்பிக்கை வரட்டும் என்று, அரக்கு கலையாத இரண்டாவது போத்தலையும் ஜீப்பில் வைத்திருந்தார். பரிசோதனைக்கு ஒரே நேரத்தில் இரண்டு போத்தல் எடுப்பதும், ஒன்றைக் கொழும்புக்கு அனுப்பி மற்றதைப் பொலிஸ் வைத்துக்கொள்வதும் வழக்கம்.

"ஏறுங்க," என்றார்.

*

தோட்டத்து ஒபீசில் பெரிய கிளாக்கர் நடராஜா எழுந்து வரவேற்றார். வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை. ஒரு சுருக்கம் இல்லை.

"வாங்க சேர். இந்தக் குளிருக்கு ஒரு தேத்தண்ணி குடிச்சிட்டுத்தான் மத்த வேலை."

கேத்தலை அவரே சரித்து ஊற்றினார். மஸீனா கோப்பையைக் கையில் எடுத்தாள். தேயிலை விளையும் மண்ணில் இப்படி ஒரு தேநீரா? சேற்றுக் கறுப்பு. மேலே எண்ணெய்ப் படலம் போல ஓர் ஆடை. கோப்பையை அசைத்ததும் அது விரிசல் விட்டது. வீட்டில் தினமும் குடிப்பதும் இதேதான். அதனால்தான் அவளுக்கு அது இங்கே உறுத்தியது.

"என்ன பிள்ளை, குடிக்க யோசனையா?" நடராஜா சிரித்தார். "பயப்பிட வேணாம். இதுல ஒங்க வாப்பா சீனி போடல."

இராயப்பன் தொண்டையைச் செருமினார். நடராஜா தன் கோப்பையை ஒரே மூச்சில் காலி செய்தார்.

மஸீனா கோப்பையைக் கீழே வைத்தாள். "போத்தலுக்கு அரக்கு வச்சது எங்க, ஐயா?"

"இந்த மேசையிலதான். பீலிக்கிட்ட மெழுகுதிரி நிக்குமா? காத்து அணைச்சிடும். சுகாதாரப் பரிசோதகர் அங்க தண்ணி புடிச்சாரு, இங்க கொண்டாந்து வச்சாரு, நான் அரக்கு உருக்குனேன்."

"அந்த நேரம் இங்க யார் இருந்தது?"

"நாங்க எல்லாருந்தான்."

"நானும் பரிசோதகரும் வெளிய நிண்டு தொரையோட பேசினோம்," என்றார் இராயப்பன். "அரக்கு உருகினதும் கூப்பிட்டாரு. வந்து முத்திரை வச்சோம்."

சன்னல் கட்டையில் ஒரு பித்தளைக் கூஜா இருந்தது. அவள் பார்வை அங்கே போனதை நடராஜா கண்டார்.

"வீட்டுத் தண்ணி. நானும் உக்குவளைதான். அந்தச் சாவுக்குப் பொறவு பயந்துபோய்க் கொண்டாறேன். யாருக்குத்தான் உசிரு மேல ஆசை இல்ல?"

அவள் கேத்தல் மூடியைத் தூக்கி உள்ளே ஒரு பார்வை பார்த்தாள். மூடிவிட்டாள்.

*

பீலியடியில் அந்தோனியம்மா துணி துவைத்துக்கொண்டிருந்தாள். குடிப்பதற்கு ஓடைக்கு நடந்தார்கள். துணிக்கு மட்டும் பீலி. மஸீனாவைக் கண்டதும் கையிலிருந்த துணியைக் கல்லில் அறைந்தாள்.

"சீனிக்காரரு மகளா? எம்மவ மூஞ்சியப் பாக்க அன்னிக்கு வரல. இப்ப எதுக்கு வந்தீங்க?"

மஸீனாவின் உள்ளங்கை வியர்த்தது. "உங்க மகளோட உசிர யார் கொண்டுபோனாங்கண்டு பார்க்க வந்தேன், அக்கா. எங்க வாப்பாண்டா அதையும் நானே சொல்லிட்டுப் போறேன்."

அந்தோனியம்மா அவளை ஒரு கணம் பார்த்தாள். பிறகு சவர்க்காரத்தை மறுபடி எடுத்தாள். இரண்டே இழுப்பு. முழங்கை வரை நுரை பொங்கியது. வாய்க்கால் நெடுக வெள்ளை நுரை ஓடியது.

மஸீனா அந்த நுரையையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"அக்கா, உங்க வீட்டுக் கேத்தலைக் கொஞ்சம் காட்டுவீங்களா?"

"எதுக்கு? எங்க வீட்டுத் தேத்தண்ணியிலயும் குத்தம் புடிக்கவா?" என்று முனகினாலும் கொண்டுவந்து காட்டினாள். வெளியே கரி அப்பியிருந்தது. உள்ளே தகரம் புதிது போல மினுங்கியது.

"எவ்வளவு காலமாப் பாவிக்கிறீங்க?"

"அருளு பொறந்தப்ப வாங்குனது." அவள் குரல் உடைந்தது. மஸீனா கேத்தலை இரு கைகளாலும் திருப்பிக் கொடுத்தாள்.

லயத்துக்கு மேலே, மேட்டில் தண்ணீர்த் தொட்டி. மழைக்கு மலை முழுக்கப் பச்சை பிடித்துக் கிடந்தது. தொட்டியின் பக்கத்தில் மட்டும் ஒரு பீப்பாய் அளவுக்கு வட்டமான மொட்டைத் தரை. அங்கிருந்து தொட்டி விளிம்பு வரை ஒரு வாய்க்கால் அகலத்துக்குப் புல் கருகியிருந்தது.

*

பதினொரு மணி. பிரட்டுக்களத்தில் லயம் முழுக்கத் திரண்டிருந்தது. தோட்டத்துத் துரை குடைக்கடியில் நின்றார். நடராஜா றிப்போர்ட்டை உரக்க வாசித்தார். ஆசனிக், எல்லைக்குள். ஈயம், எல்லைக்குள். செம்பு, எல்லைக்குள்.

"கேட்டீங்களா? எல்லாம் எல்லைக்குள்ள. இனிமே பீலித் தண்ணி குடிக்க மாட்டேன்னு யாரும் மொரண்டு புடிக்கக் கூடாது."

"குடிக்க மாட்டோம்," என்றாள் அந்தோனியம்மா. "எழுதுன கடுதாசி எம்மவளோட செம்ப விடப் பெருசா?"

"வாய மூடு!"

"அவங்க மூட வேணாம்," என்றாள் மஸீனா.

யார் பேசியது என்று அவளுக்கே ஒரு கணம் தெரியவில்லை. எல்லா முகங்களும் திரும்பின. பார்த்துப் பேசக் கரும்பலகை இல்லை. அவள் இராயப்பனின் முகத்தைப் பிடித்துக்கொண்டாள்.

"சேர், அந்த ரெண்டாவது போத்தலை உடைங்க."

"இத உடைச்சா நான் மேலிடத்துக்குப் பதில் சொல்லணும், டீச்சர்."

"கால்வாசி போதும். மிச்சத்தைத் திரும்ப மூடி வைக்கலாம். திங்கக்கிழமைக்குப் பொறகு எங்க வாப்பாவுக்குப் பதில் சொல்ல யாரும் இருக்க மாட்டாங்க."

இராயப்பன் முத்திரையை எல்லோருக்கும் காட்டினார். கலையவில்லை. உடைத்தார். மஸீனா இரண்டு தகரக் குவளைகளை வைத்தாள். ஒன்றில் போத்தல் தண்ணீர், மற்றதில் பீலியில் அப்போதே பிடித்த தண்ணீர். அந்தோனியம்மாவின் சவர்க்காரத்தில் ஒரே அளவாக இரண்டு துண்டு நறுக்கிப் போட்டாள்.

"நீங்களே கலக்குங்க, அக்கா."

பீலிக் குவளையில் நுரை விளிம்பைத் தாண்டி வழிந்தது. போத்தல் குவளையில் ஒன்றும் எழவில்லை. வெள்ளைத் துணுக்குகள் மட்டும் சுற்றின.

"அடி ஆத்தே," என்றாள் அந்தோனியம்மா. "இது எங்க தண்ணி இல்லியே!"

"இல்ல. மலையில ஊறுற தண்ணியில சுண்ணாம்பு இல்ல. இந்தப் போத்தல்ல இருக்கிறது உக்குவளைக் கிணத்துத் தண்ணி. கொழும்புல சரியாத்தான் சோதிச்சாங்க. சோதிக்க அனுப்புனதுதான் வேற. எல்லாரும் எல்லையைப் பார்த்தோம். எந்தத் தண்ணியோட எல்லைண்டு யாரும் கேக்கல."

இராயப்பன் மெதுவாகத் திரும்பினார். "முத்திரை கலையல. அப்ப மாத்தினது முத்திரைக்கு முந்தி. போத்தல் ஒபீஸ் மேசையில கிடந்த நேரம்."

"பரிசோதகரும் டவுன் ஆள்தானே!" என்றார் நடராஜா. "அவரு மாத்தியிருக்கக் கூடாதா?"

"அவர் வெறும் போத்தலோட வந்து, எல்லாரும் பார்க்கப் பீலியில புடிச்சாரு. பொறகு என்னோட வெளிய நிண்டாரு."

"மேசைக்குப் பக்கத்துல ஒரு கூஜா இருந்தது," என்றாள் மஸீனா.

"அதான் சொன்னேனே! சாவுக்குப் பொறவு பயந்து கொண்டாறேன்னு. ரெண்டு கெழமையா. அது குத்தமா?"

"சேர், ஒபீஸ் கேத்தலைக் கொண்டுவரச் சொல்லுங்க."

கேத்தல் வந்தது. மூடியைத் திறந்து அந்தோனியம்மாவின் கேத்தலோடு பக்கத்தில் வைத்தாள். ஒன்று உள்ளே மினுங்கியது. மற்றதில் முட்டை ஓடு போல வெள்ளைப் பொருக்கு. நகத்தால் நெம்பினாள்; சில்லுச் சில்லாகக் கழன்று வந்தது.

"இது ரெண்டு கிழமையில இவ்வளவு தடிப்பாப் புடிக்காது. எங்க வீட்டுக் கேத்தலைத் தேய்ச்சுக் கழுவுறது நான்தான். இதுக்கு மாசக் கணக்கு வேணும்."

"நான்... நான் எப்பவுமே வீட்டுத் தண்ணிதான்..."

"பொய்!" அந்தோனியம்மா முன்னால் வந்தாள். "சித்திர வருசப் பொறப்பு வரைக்கும் ஒபீஸ் கேத்தலுக்குப் பீலியில தண்ணி புடிச்சுக் குடுத்தது நானு! அப்பறம் ஒரு நாளு, இனிமே வேணாம், மலைத்தண்ணி சளி புடிக்குதுன்னீங்க. அதே நாளுலதான் தொட்டி மேட்டுல புல்லு மருந்துப் பீப்பா ஒழுகுதுன்னு ஒங்ககிட்ட சொன்னோம்!"

துரை குடையைத் தாழ்த்தினார். "பீப்பா தொட்டி மேட்டுலயா? ஸ்டோர்ல வைக்கச் சொல்லித்தானே நான் எழுதிக் கொடுத்தேன்?"

ஸ்டோரில் நடராஜாவின் ஏலக்காய் மூட்டைகள் அடுக்கியிருந்ததை நாலைந்து குரல்கள் ஒரே நேரத்தில் சொல்லின.

"அந்தப் புல்லு மருந்து ஆசனிக் சேர்ந்தது," என்றாள் மஸீனா. "பீப்பாவை எடுத்துட்டாங்க. ஆனா அது இருந்த வட்டத்துல இன்னும் ஒரு புல் முளைக்கல. திருநாளுக்கு முந்தின ராவு பெய்த மழை அதைத் தொட்டிக்குள்ள அள்ளிக்கொண்டு போயிட்டுது. இவர் எங்களுக்குக் குடுத்த தேத்தண்ணியில, சுண்ணாம்புத் தண்ணிக்கு வாற ஆடை படர்ந்திருந்தது, சேர். பொலிசுக்கு நஞ்சு ஊத்த மனம் வரல்ல. தன்னோட தண்ணியில ஊத்தினாரு. அதுலதான் மாட்டினாரு."

நடராஜா இரண்டு கைகளையும் விரித்தார். "சொட்டுச் சொட்டாத்தான் ஒழுகுச்சு. அவ்வளவு பெரிய தொட்டியில அது என்ன செய்யும்? எல்லைக்குள்ளதான் இருக்கும்னு நெனச்சேன்."

"எல்லைக்குள்ள இருந்தா உங்க கூஜா எதுக்கு, ஐயா?"

இராயப்பன் நடராஜாவின் கையைப் பிடித்தார்.

*

புதுத் தண்ணீர் அன்றே எடுக்கப்பட்டது. தொட்டியில் ஒன்று, பீலியில் ஒன்று. கழுவி மூடிய இரண்டு வெறும் போத்தல்கள் ஜீப்பில் இருந்தன.

"முத்திரைய ஒபீசுல போய் வைப்போம்," என்றார் துரை. "இங்க காத்து."

"இல்ல," என்றாள் மஸீனா. "இங்கேயே."

மெழுகுதிரி ஒரு தரம் அணைந்தது. மறு தரமும் அணைந்தது. அந்தோனியம்மா தலையிலிருந்த கம்பளியை இழுத்து விரித்துப் பிடித்தாள். அடுத்து நின்றவளும் விரித்தாள். ஒருத்தி பின் ஒருத்தியாகப் பீலியைச் சுற்றிக் கம்பளிச் சுவர் எழுந்தது. மலைக்காற்று அதில் மோதி மோதிப் பார்த்தது. உள்ளே சுடர் நேராக நின்றது.

அரக்கு சொட்டியது. இராயப்பன் முத்திரையை அழுத்தினார்.

கொழும்பிலிருந்து பதில் வருமுன்பே லாபிர் வீடு திரும்பிவிட்டார். பதிலில் இருந்தது லீட்டருக்கு ஒன்பது மில்லிகிராம் ஆசனிக். எல்லையைப் போல நூற்றெண்பது மடங்கு.

அதைப் பிரட்டுக்களத்தில் வாசித்தது மஸீனா. குரல் நடுங்கியது. இருந்தாலும் கடைசி வரிசை வரைக்கும் கேட்டது.