தனிக் குடுக்கை

“என் கிட்னியைத் திருப்பிக் குடுடா.”

ஜெலிமோ கேட்டே விட்டாள். ஆபரேஷனுக்கு முந்தின நாள், சாகும்வரை இதை மட்டும் கேட்கக் கூடாது என்று அம்மா சத்தியம் வாங்கியிருந்தாள். தம்பி கிப்சாங் சிரிக்க வாயைத் திறந்தான், சிரிப்பு வரவில்லை. வெளியே பட்டியில் மாடுகள் அசைபோடுவதை ஒரே நேரத்தில் நிறுத்தின. அப்படி ஒரு சத்தம் இதுவரை கேட்டுக்கொண்டிருந்தது என்பதே, அது நின்ற பிறகுதான் ஜெலிமோவுக்கு உறைத்தது.

அம்மா கையிலிருந்த சுரைக்குடுக்கையை மெதுவாகக் கீழே வைத்தாள்.

“வாயைக் கழுவு. குடுத்த மாட்டை யாராவது திரும்பக் கூப்பிடுவாங்களா? கட்டுத்தறியைப் பிடுங்கிட்டு வந்து நிக்கும்.”

“நான் குடுத்தது மாடு இல்லம்மா.”

“எதுவா இருந்தா என்ன? குடுத்தது குடுத்ததுதான்.”

நந்தி மலைப்பக்கத்து மாலை மழை அப்போதுதான் ஓய்ந்திருந்தது, கரண்ட் போயிருந்தது, தகரக் கூரையின் விளிம்பிலிருந்து நீர் சொட்டச் சொட்ட, ஈர விறகின் புகையும் சாணி வாடையும் கரி தடவிய குடுக்கையில் புளிக்கும் பாலின் வாசமும் அந்தச் சின்ன அடுப்படியில் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறி அவள் தொண்டையில் உட்கார்ந்தன. அந்தப் பால் வாசத்துக்குத்தான் அவள் மூக்கை மூடிக்கொண்டாள்.

இந்த வீட்டில் நல்ல பால் எப்போதும் கிப்சாங்குக்குத்தான். குடும்பத்திலேயே முதல் ஆளாகப் பட்டம் வாங்கிக்கொண்டு அவள் வந்து நின்ற அன்றும் அம்மா முதலில் நிரப்பியது அவன் குவளையை. ஆபரேஷன் முடிந்து வந்த பிறகுதான் அதிசயம் நடந்தது. அம்மா புதுக் குடுக்கை ஒன்றை எடுத்து, தானே உள்ளே கரி தேய்த்து, பால் ஊற்றிப் புளிக்க வைத்து நீட்டினாள். “இது உனக்கு மட்டும். வேற யாரும் தொடக் கூடாது.” அன்று ஜெலிமோ போர்வைக்குள் அழுதாள். சந்தோஷத்தில். இப்போது அதை நினைத்தால் தன் கன்னத்தில் தானே அறைந்துகொள்ள வேண்டும்போல் இருந்தது.

அதற்குப் பிறகு வாய்க்குள் ஆறாத புண். விடாத இருமல். இடுப்பின் இடப்பக்கம் தைத்த இடம் மூடவே இல்லை, கசிந்துகொண்டே இருந்தது. கிப்சாங்குக்கோ கன்னத்தில் சதை பிடித்தது. இன்று மதியம் அவள் ரத்தத்தைச் சோதித்த டாக்டர் ஒரே கேள்விதான் கேட்டார்: “தம்பியோட மாத்திரையை நீ ஏம்மா சாப்பிடுற?”

கிட்னி வாங்கியவன் ஆயுசு முழுக்க விழுங்க வேண்டிய மாத்திரை அது. உள்ளே வந்திருப்பது அந்நியம் என்று உடம்பு கண்டுபிடித்து அடித்துத் துரத்திவிடாமல், உடம்பின் கண்ணைக் கட்டி வைக்கிற மருந்து. அவள் தெரிந்து ஒன்றைக்கூட விழுங்கியதில்லை.

“பால்லதானே கலந்த?”

அம்மா மறுக்கவில்லை. மறுத்திருந்தால்கூடத் தாங்கியிருக்கலாம்.

“எது சொந்தம், எது அந்நியம்னு மறக்கணும், அதுக்குத்தான் மாத்திரைன்னாரு டாக்டரு. புதுப் பட்டி எந்த மாட்டைடி வேண்டாம்னு சொல்லியிருக்கு? பழைய சொந்தக்காரன் நெனப்புதான் மாட்டை இழுக்கும். மறக்க வேண்டியது நீதான்.”

“உனக்குத் தெரியுமாடா?”

“அதைப் போட்டா கை நடுங்குதுக்கா,” என்றான் கிப்சாங், தரையைப் பார்த்துக்கொண்டே. “அம்மாதான் நிறுத்தச் சொன்னாங்க. நான் நல்லாத்தானே இருக்கேன்? படிச்சவ நீ. நீயே சொல்லு.”

மாத்திரை இல்லாமல் இத்தனை மாதம் எப்படி? அவன் உடம்பு அந்தக் கிட்னியை எப்போதோ கருக்கித் தள்ளியிருக்க வேண்டும்.

“வேணும்னா தொட்டுப் பாரு.” சட்டையைத் தூக்கினான். அடிவயிற்றின் வலப்பக்கம், தழும்புக்கு அடியில், ஒரு மேடு.

தொட்டாள்.

சூடு. லேசான துடிப்பு. அவ்வளவுதான் என்று நினைத்தாள். பிறகு, இருட்டில் படுத்திருக்கும் கன்று பழகின காலடி கேட்டு முகம் திருப்புமே, அதுபோல அது தோலுக்கடியில் மெல்லப் புரண்டது. அவள் உள்ளங்கையைத் தேடியது. கண்டுபிடித்தது.

முட்டியது.

“அக்கா. கையை எடு.”

எடுத்தாள். மேடு கையோடு வந்தது. தோல் கூடாரமாக எழும்பியது. கிப்சாங் இரண்டு கையாலும் அதை அமுக்கிப் பிடித்தான். அவன் முகத்தில் சிரிப்பின் சுவடே இல்லை.

“ஜெலிமோ, வேண்டாம்டி,” என்றாள் அம்மா. “அவன் ஒத்தப் பையன்டி.”

“அப்ப நான்?”

அம்மா அவளைப் பார்க்கவில்லை. குடுக்கையைச் சாய்த்துக் குவளையை நிரப்பினாள். இரண்டு கையாலும் நீட்டினாள்.

“குடிச்சிரு, கண்ணு.”

கண்ணு. பிறந்ததிலிருந்து அவளை ஒருநாளும் அப்படி அழைத்ததில்லை.

குவளையை வாங்கினாள். அடுப்பில் ஊற்றினாள். நெருப்பு சீறி மறுபடி எழும்பியது. முடிவு அந்தச் சீறலுக்கு முன்பே எடுத்தாகிவிட்டது. சாம்பல் மணத்தைத் தாண்டி நடந்தாள். வாசற்படியில் நின்று, திரும்பாமல், மேய்ச்சலிலிருந்து மாட்டை அழைக்கிறமாதிரி நாக்கை அண்ணத்தில் தட்டினாள். பேர் சொல்ல வேண்டுமே. அந்தக் கிட்னிக்கு அவள் பேரைவிட்டால் வேறு பேர் ஏது?

“ஜெலிமோ… வா.”

உள்ளே பெஞ்சு கவிழ்ந்தது. அம்மா வீறிட்டாள். பட்டியில் மாடுகள் எல்லாம் எழுந்து நின்றன.

அவள் நடந்தாள். பின்னால் கதவு நிலையை நகங்கள் பிறாண்டின. விட்டன. பிறகு சேற்றில் குதிகால் இழுபடும் சத்தம். “அக்கா… அக்கா…”

திரும்பவில்லை. திரும்ப வேண்டியதும் இல்லை. அடுப்பு வெளிச்சம் அவள் நிழலை முற்றத்தில் நீளமாக முன்னால் தள்ளியிருந்தது. அதன் பக்கத்தில் இன்னொரு நிழல். முதுகு பின்னால் வளைந்து, கைகள் இருட்டைப் பிடித்துப் பிடித்து நழுவ, வயிறு மட்டும் முன்னால். கயிறு இல்லை.

அவள் மறுபடி நாக்கைத் தட்டினாள்.