ஸ்பீக்கருக்கும் ஒரு பொட்டு

கூமாப்பட்டியில் யோகேஸ்வரி வீட்டு ஸ்பீக்கர் அன்று காலை பாடவில்லை, பொரிந்து தள்ளியது. "கர்ர்... புர்ர்... டொப்!"

ஆம்ப்ளிஃபயரும் இரண்டு ஸ்பீக்கர்களும் அப்பா ஆசை ஆசையாக வாங்கியவை. அப்பா ராணுவத்தில் இருக்கிறார். அவர் ஊரில் இல்லாதபோது அவற்றைத் துணி போட்டு மூடியே வைப்பார்கள். பத்து நாளைக்கு முன் ஆயுத பூஜைக்குக் கழற்றித் துடைத்து மாட்டியதோடு சரி. இன்று மூன்று மணி பஸ்ஸில் அப்பா வருகிறார். வந்ததும் பாட்டுத்தான் கேட்பார்.

"ஏலே வீரணா! வால்யூமை எம்புட்டுக் கூட்டுன? வலது ஸ்பீக்கர் கிழிஞ்சே போச்சு. அவிய வந்து கேட்டா என்ன சொல்லுவேன்?" என்று அம்மா கத்தினார்.

ஆறு வயது வீரணன் கட்டிலுக்கு அடியில் ஒளிந்துகொண்டான். யோகேஸ்வரி குனிந்து பார்த்தாள்.

"அக்கா, கொஞ்சூண்டுதான் திருகுனேன். அப்பா எங்கூடப் பேசமாட்டாருல்லா?"

அவளுக்குத் தம்பியைப் பார்க்கப் பாவமாக இருந்தது.

"அம்மா, ராஜபாளையம் கடைக்குத் தூக்கிட்டுப் போறதுக்கு முன்ன, செத்த நேரம் நான் பாக்கட்டுமா?"

"பாரு. பிளக்கைப் பிடுங்கிட்டுத் தொடு."

பேனா எழுதாவிட்டால் யோகேஸ்வரி ரீஃபிலை மாற்றிப் பார்ப்பாள். கோளாறு பேனாவிலா ரீஃபிலிலா என்று தெரிந்துவிடும். இங்கேயும் அதையே செய்தாள். பிளக்கைப் பிடுங்கி, ஸ்பீக்கர்களை இடம் மாற்றி வைத்து, வலது ஸ்பீக்கரை இடது வயரிலும், இடது ஸ்பீக்கரை வலது வயரிலும் மாட்டினாள். பிறகு பாட்டைப் போட்டாள்.

இப்போதும் வலது பக்கமே இரைந்தது. அதுவரை ஒழுங்காகப் பாடிய ஸ்பீக்கர் அங்கே கர்ர் என்றது. திட்டு வாங்கிய ஸ்பீக்கரோ இடது பக்கம் இருந்துகொண்டு அழகாகப் பாடியது.

"ஏலே, ஸ்பீக்கர் கிழியலை! வெளிய வா."

கட்டிலுக்கு அடியிலிருந்து மூக்கு மட்டும் வந்தது.

அப்படியென்றால் வயரில்தான் ஏதோ கோளாறு. மறுபடி பிளக்கைப் பிடுங்கி, ஆம்ப்ளிஃபயரின் பின்பக்கம் வலது வயரை உருவினாள். அதன் நுனியிலும், அது நுழையும் ஓட்டையிலும் ஏதோ காய்ந்து அப்பியிருந்தது. சுரண்டி முகர்ந்தாள்.

சந்தனம்!

ஆயுத பூஜையன்று ஓர் இடம் விடாமல் சந்தனம் வைத்தது அவள்தான்.

பழைய டூத் பிரஷால் தேய்த்து, துணியால் துடைத்து வயரை மாட்டினாள். பாட்டு கணீரென்று வந்தது. அம்மா ஓடிவந்தார்.

"ஆத்தி! எப்பிடிடி சரி பண்ணுன?"

சும்மா சிரித்துவிட்டுப் போயிருக்கலாம். யாருக்கும் தெரிந்திருக்காது. ஆனால் அந்த மூக்கு இன்னும் கட்டிலுக்கு அடியில்தான் இருந்தது.

"அம்மா, வீரணன் ஒண்ணும் செய்யலை. வயர்ல சந்தனத்தை அப்புனது நான்தான்."

அம்மா பிரஷை வாங்கிப் பார்த்தார். மஞ்சளோடு சிவப்பும் ஒட்டியிருந்தது. அவர் முகத்தில் அசடு வழிந்தது.

"நீ சந்தனந்தான வச்ச? அதுக்கு மேல குங்குமத்தை நல்லா அமுக்கி வச்சது நான்லா!"

இருவரும் சிரித்துவிட்டார்கள். அம்மா கட்டிலருகே குனிந்தார்.

"வாலே ராசா. அம்மா தெரியாம ஏசிட்டேன்."

மூன்று மணி பஸ் வந்தது. அப்பா வாசலை எட்டுவதற்குள் வீரணன் தெருவெல்லாம் கேட்கக் கத்திக்கொண்டே ஓடினான்:

"அப்பா! ஸ்பீக்கர்ல கோளாறு பண்ணுனது நான் இல்ல! அக்காவும் அம்மாவும்தான்!"

முழுக் கதையையும் கேட்ட அப்பாவுக்குச் சிரிப்பு அடங்கவில்லை. பையை இறக்கி வைத்து, வீரணனை ஆம்ப்ளிஃபயர் முன்னால் தூக்கிப் பிடித்தார்.

"வால்யூமை நீயே கூட்டுலே!"