வலியை வாங்கிக்கொள்ளும் கை

மூன்று பேர் வெளியே போனார்கள். கும்சுக் காதாலேயே எண்ணிக்கொண்டாள். குதிகாலை இழுத்து நடக்கிற டாக்டர், அடிக்கொருதரம் ரப்பர் கீச்சிடுகிற நர்ஸ், ஓட்டமும் நடையுமாகப் போகிற ஸ்கேன்காரர். கனமான கதவு நிதானமாக வந்து சட்டத்தில் பொருந்தியது. அதற்குப் பிறகு, அறைக்குள்ளே, வழவழப்பான தரையிலிருந்து வெறும் பாதம் ஒன்று ஒட்டிப் பிரியும் சத்தம் கேட்டது.

ஒரே ஒரு அடி. பிறகு ஒன்றுமில்லை.

அவள் குப்புறப் படுத்திருந்தாள். முகம் இடப்பக்கம் திரும்பியிருந்தது. கைகள் இரண்டையும் தலைக்கு மேலே நீட்டி வைக்கச் சொல்லியிருந்தார்கள். அந்தப் பெரிய வெள்ளை வளையத்துக்குள் தோள்வரை அவளை நுழைத்திருந்ததால், முழங்கைக்கு அப்பால் இருந்ததெல்லாம் வளையத்தின் மறுபுறம் கிடந்தது. கண்ணுக்குத் தெரிந்தது ஒரு முழம் வெள்ளைச் சுவர் மட்டும்தான். இயந்திரம் சூடேறிய பிளாஸ்டிக் வாடையோடு உறுமத் தொடங்க, பதிவு செய்த பெண்குரல் ஒன்று மூச்சை இழுக்கச் சொன்னது, நிறுத்தச் சொன்னது, விடச் சொன்னது.

"யாரு அங்க?" என்றாள் கும்சுக்.

"அம்மா, பேசக் கூடாது. படம் அசைஞ்சிடும்," என்றது ஒலிபெருக்கி.

திரும்பி வந்த நர்ஸிடம் கேட்டாள். யுன்ஜே என்று பெயர், மகளைவிட இரண்டு மூன்று வயது சின்னவள்.

"உள்ள யாராவது இருந்தாங்களா?"

"யாரு இருப்பா? படம் எடுக்கிறப்ப கதிர் வரும்ல, நாங்க எல்லாரும் வெளியதான். இந்த ரூம்ல நீங்க மட்டும்தான் ராணி," என்று சிரித்தாள் யுன்ஜே.

கும்சுக் குன்சான் நகரத்து நடுநிலைப் பள்ளி ஒன்றில் இருபத்திரண்டு வருடமாகச் சமையல் வேலை பார்த்தவள். எழுநூறு பிள்ளைகளுக்குக் கோழியும் மீனும் பொரித்துப் பொரித்து, அந்த எண்ணெய்ப் புகையை மூச்சாக இழுத்தவள். பள்ளிச் சமையல்காரிகள் எல்லோருக்கும் எடுத்த ஸ்கேனில் அவளுடைய வலது நுரையீரலின் பின்பக்கம் பட்டாணி அளவில் ஒரு வெள்ளைப் புள்ளி தெரிந்தது. முதுகு வழியாக ஊசி விட்டு அதில் துளி சதை எடுத்துப் பார்த்தால்தான் அது என்னவென்று சொல்ல முடியும் என்றார்கள்.

மகள் ஹான்சோல் காலையில் வேலைக்கு லீவு போட்டுவிட்டுக் கூட வந்திருந்தாள். ஆறு மாத வயிறு. அதனால் கதவுக்கு வெளியே போட்டிருந்த நாற்காலி வரிசையோடு அவளை நிறுத்திவிட்டார்கள்.

"கொதிக்கிற எண்ணெய்ல விரலை விட்டுச் சூடு பாக்கிற ஆளு நீ. ஒரு ஊசிக்குப் போய் மூஞ்சி வெளுத்துக் கெடக்கு," என்றாள் ஹான்சோல்.

"ஊசிக்கு யாருடி பயந்தா? அந்த டாக்டரைப் பாத்துதான் பயம். நேத்து வரைக்கும் என்கிட்ட தட்டு நீட்டிட்டு நின்ன பையன் மாதிரி இருக்கான்."

"அப்ப நல்லதுதான். நீ போட்ட சோத்துக்கு நன்றியோட குத்துவான்."

சிரித்தார்கள். ஆனால் நேற்றிரவு முழுக்க கும்சுக் புரண்டுகொண்டேதான் கிடந்தாள். அவளோடு பாத்திரம் தேய்த்த ஒருத்தி இதே பரிசோதனையை முடித்துவிட்டு வந்து, தோலில் ஒன்றும் தெரியாது, நுரையீரலின் உறையை ஊசி தாண்டும்போதுதான் உயிர் போய் வரும் என்று சொல்லியிருந்தாள். கத்தக் கூடாதாம். இருமக் கூடாதாம். இருமினால் நுரையீரல் கிழியுமாம்.

மரத்துப்போக மருந்து போட்டார்கள். எறும்புக்கடிபோல ஆரம்பித்து, சுருக்கென்று ஆழத்துக்குப் போய், விலா எலும்பின் விளிம்பில் நின்று எரிந்தது. வளையத்திலிருந்து வெளியே இழுத்திருந்த படுக்கையின் தலைமாட்டில் யுன்ஜே நின்று, உறை மாட்டிய வெதுவெதுப்பான கையால் அவள் விரல்களைப் பிடித்திருந்தாள்.

"வலிச்சா என் கையை அழுத்துங்க. வாயால எதுவும் வேணாம். பூஜ்யத்துல இருந்து பத்து வரைக்கும் கேட்டா, இப்ப எத்தனை?"

"நாலு."

"இப்ப உறையைத் தாண்டப் போறேன்மா. கொஞ்சம் வலிக்கும்," என்றார் டாக்டர்.

கொஞ்சம் இல்லை. முதுகுக்குள் யாரோ ஈரத் துணியைக் கிழிப்பதுபோல இருந்தது, கிழிந்தது துணியில்லை என்று உடம்பு முழுக்கத் தெரிந்தது, வலி தோள்பட்டை வழியாகக் கழுத்தின் பக்கவாட்டில் ஏறிப் பல்லுக்குள் போய் உட்கார்ந்தது. அடித்தொண்டையில் இருமல் ஒன்று புழுப்போல நெளிந்தது. அவள் அதை விழுங்கினாள். மறுபடி வந்தது. மறுபடி விழுங்கினாள்.

"எட்டு," என்றாள் பல்லிடுக்கில்.

"அப்படியே இருங்க. ஊசி சரியான எடத்துல இருக்கான்னு ஒரு படம் பாத்துட்டு ஓடி வந்துடறோம்."

படுக்கை வளையத்துக்குள் நகர்ந்தது. முதுகில் ஊசி நட்டுவைத்த கம்பிபோல நின்றுகொண்டிருந்தது. இழுத்த கால், கீச்சிட்ட கால், ஓடிய கால். கதவு மூடியது.

பாதம் ஒட்டிப் பிரிந்தது. ஒன்று. இரண்டு. மூன்று. வளையத்தின் மறுபுறம் போய் நின்றது.

அவள் வலது கையை யாரோ பிடித்தார்கள்.

உறையில்லாத கை. வெகுநேரம் தண்ணீரில் ஊறியதுபோல மிருதுவாக இருந்தது. குளிரும் இல்லை, சூடும் இல்லை. அந்த விரல்கள் அவள் உள்ளங்கையில் நிதானமாக இடம் தேடி, ஒவ்வொன்றாக மடங்கிப் பூட்டிக்கொண்டன. கை லேசாக அழுத்தியது. அழுத்தியதும், அடைப்பு எடுத்த தொட்டியில் தண்ணீர் சுழன்று இறங்குவதுபோல, பல்லிலிருந்தும் கழுத்திலிருந்தும் முதுகிலிருந்தும் வலி அவள் கை வழியாக இறங்கி வெளியே போனது.

கண்ணில் நீர் வந்துவிட்டது அவளுக்கு. எவருடைய கையானால் என்ன. அவளும் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். கட்டைவிரலால் அந்த விரல்நுனிகளைத் தடவினாள். ஒன்றிலும் நகம் இல்லை.

கதவுக்கு அப்பால் யாரோ ஒரு பெண் கத்தினாள்.

கை விலகியது. கதவு திறந்தது, ஆட்கள் வந்தார்கள்.

"இப்ப எத்தனைம்மா?" என்றார் டாக்டர்.

"பூஜ்யம்."

"அட. கெட்டிக்காரங்க நீங்க."

"அந்தக் கை யாரோடது? என் கையைப் பிடிச்சிருந்தது."

"நான் இப்பதானே உள்ள வரேன்," என்றாள் யுன்ஜே. குரலில் மூச்சு வாங்கியது. "வெளிய உங்க பொண்ணு. பயப்படாதீங்க, ஒண்ணுமில்ல. திடீர்னு முதுகுல பிடிச்சிக்கிச்சாம். வயித்துல பிள்ளை இருந்தா இப்படித்தான் அங்கங்க பிடிக்கும்."

"எந்தப் பக்கம்?"

"வலது பக்கம். தோள்பட்டைக்குக் கீழ."

கும்சுக்கின் முதுகில் ஊசி நின்றுகொண்டிருந்த இடம் அதுதான்.

தற்செயலாக இருக்கும் என்று சொல்லிக்கொண்டாள். இவ்வளவு நேரம் நாற்காலியில் வளைந்து உட்கார்ந்திருப்பாள், அதுதான். டாக்டர் ஊசியை இன்னும் ஒரு விரற்கடை உள்ளே தள்ளினார். வலி மறுபடி திறந்துகொண்டது, முன்னைவிட அகலமாக. படுக்கை நகர்ந்தது. அவர்கள் போனார்கள். கதவு.

பாதம் இந்த முறை தயங்கவில்லை.

அவள் இரண்டு கைகளையும் முஷ்டியாக மடக்கிக்கொண்டாள். அது காத்திருந்தது. பிறகு சுண்டுவிரலிலிருந்து ஆரம்பித்தது. அவசரமே இல்லாமல், தாயொருத்தி பிள்ளையின் கைக்குள்ளிருந்து கூழாங்கல்லை வாங்குவதுபோல, அவளுடைய விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தது.

"வேணாம்," என்றாள் உதடு அசையாமல். "எனக்கே இருக்கட்டும். அவகிட்ட கொண்டு போகாத."

கை அவள் புறங்கையைத் தட்டிக்கொடுத்தது.

வலி போனது. வெளியே ஹான்சோலின் குரல். இந்த முறை சந்தேகமே இல்லை. அம்மா என்று கூப்பிட்டாள், பாதியில் நின்றது.

மூச்சை இழுங்கள் என்றது பெண்குரல். நிறுத்துங்கள்.

அவளால் கையை உருவ முடியவில்லை.

அவர்கள் திரும்பி வந்தபோது யுன்ஜேயின் காலடி அவர்களோடு வரவில்லை. "அவங்க உங்க பொண்ணுகூட இருக்காங்க," என்றார் டாக்டர். "நீங்க கவலைப்படாதீங்க. ஊசி சரியா அந்தப் புள்ளியிலயே நிக்குது. சதையைக் கிள்ளி எடுக்கணும், அவ்வளவுதான். காகிதம் தைக்கிற மிஷின் மாதிரி டக்குனு சத்தம் வரும்."

படுக்கையை இந்த முறை வெளியே இழுக்கவில்லை. வளையத்தின் இந்தப் பக்கம் இரண்டு பேர். அந்தப் பக்கம் அது. இப்போது அது அவள் கையை விட்டுப் போகவே இல்லை. டாக்டர் உள்ளே இருக்கும்போதுகூடப் போகவில்லை. பூட்டிக்கொண்ட விரல்கள் மெல்ல இறுகின. காத்திருந்தன.

டக்.

அவளுக்கு ஒன்றுமே தெரியவில்லை. வெளியே நாற்காலி ஒன்று தரையில் உராய்ந்து கவிழ்ந்தது.

கும்சுக் இழுத்தாள். எண்பது லிட்டர் சட்டியை இறக்கிய கை அது. தோளோடு சேர்த்து, முழு உடம்பின் பலத்தோடு.

"அம்மா, அசையாதீங்க. அசைஞ்சா கிழிஞ்சிடும்," என்றார் டாக்டர்.

உருவிவிட்டாள்.

வலி வந்தது. மொத்தமாக. கடன் வைக்காமல். கண் இருண்டது. வாயில் இரும்பு ருசி. கைகளைச் சட்டென்று மடக்கி நெற்றிக்கு அடியில் திணித்து, அதன்மேல் தன் தலையின் பாரம் முழுவதையும் வைத்தாள்.

"எத்தனைம்மா? சொல்லுங்க, எத்தனை?"

"பத்து," என்றாள். அழுகையோடு சிரிப்பும் வந்தது. "பத்து. பத்து."

"மருந்து இன்னும் கொஞ்சம் போடட்டுமா?"

"வேணாம். எடுங்க. சீக்கிரம் எடுங்க."

டக். பத்து. டக். பத்து. ஒவ்வொன்றையும் அவளே வாங்கிக்கொண்டாள். வெளியே எந்தச் சத்தமும் இல்லை. வளையத்தின் மறுபுறம் பாதம் ஒட்டிப் பிரிந்தது. ஒட்டிப் பிரிந்தது. தூரமாகப் போனது. கதவு திறக்கும் ஓசை கேட்கவில்லை. ஆனால் அறை காலியாகிவிட்டது என்று அவளுக்குத் தெரிந்தது. அடுப்பு அணைந்தால் பார்க்காமலே தெரியுமே, அப்படி.

ஊசியை உருவி, பிளாஸ்திரி ஒட்டி, குத்தின இடம் அழுந்தும்படி அவளை மல்லாக்கப் புரட்டித் தள்ளுவண்டியில் கிடத்தினார்கள். நாலு மணி நேரத்துக்குப் பேசக் கூடாது, எழக் கூடாது, இருமக் கூடாது என்றார் டாக்டர். அவர் நெற்றி வியர்த்திருந்தது. அவள் தலையாட்டினாள். முதுகு உலைபோலக் கொதித்தது. அந்தக் கொதிப்பு தன்னிடமே இருப்பதை அவள் நிமிடத்துக்கு நிமிடம் சரிபார்த்துக்கொண்டாள்.

தாழ்வாரத்தில் மார்ச் மாதத்து வெளிச்சம் சாம்பலாக விழுந்திருந்தது. கண்ணாடிக்கு வெளியே மழையோடு பனித்தூளும் கலந்து இறங்கியது. யுன்ஜே தண்ணீர்க் கோப்பையோடு எதிரே வந்தாள்.

"பொண்ணுக்குச் சரியாயிடுச்சு," என்றாள். "பிரசவ டாக்டரைக் கூப்பிட்டிருக்கு, சும்மா ஒரு தரம் பாக்க. நீங்க பேசாதீங்க, அவங்களே சொல்வாங்க."

ஹான்சோல் நாற்காலியில் சாய்ந்திருந்தாள். கன்னத்தில் கண்ணீர் காய்ந்த தடம். ஆனால் முகம் தெளிந்து, காய்ச்சல் விட்ட குழந்தைபோல இருந்தது. அம்மாவைப் பார்த்ததும் சிரித்தாள்.

"முடிஞ்சுதாம்மா? நான்தான் பாதி உயிரா கெடந்தேன். யாரோ முதுகுல கம்பியை விட்டுத் திருகற மாதிரி. போனா வருது, போனா வருது. அப்புறமும் எரிச்சல் மட்டும் அப்படியே நின்னுச்சு, நீ வரதுக்குக் கொஞ்சம் முன்னாடிதான் விட்டுச்சு. இப்ப துளி வலி இல்ல." பக்கத்து நாற்காலியைப் பார்த்துத் தலையசைத்தாள். "இந்தம்மா வந்து கையைப் பிடிச்சாங்க, அவ்வளவுதான். என்ன மாயமோ."

பக்கத்து நாற்காலி காலியாக இருந்தது.

ஹான்சோலின் வலது கை அந்த நாற்காலியின் மேலே, தாங்குவதற்கு ஒன்றுமில்லாமல், அந்தரத்தில் நீண்டிருந்தது. விரல்கள் மடங்கியிருந்தன. புறங்கையின் சதை நான்கு இடங்களில் வெளுத்து உள்ளே அமுங்கியிருந்தது.

கும்சுக் வாயைத் திறந்தாள். இருமல் வந்தது. வெதுவெதுப்பான எதுவோ உதட்டோரம் வழிந்தது. விடு என்றாள். விடுடி, விடு. குரல் எழவில்லை. யுன்ஜே ஓடிவந்து அவள் தோளை அழுத்திப் பிடித்தாள்.

"பேசாதம்மா, ரத்தம் வருது பாரு," என்றாள் ஹான்சோல். பிறகு குனிந்து தன் வயிற்றைப் பார்த்தாள். "ஐயோ, என்ன உதை உதைக்குது இது. இத்தனை நாள் இப்படி உதைச்சதே இல்ல."

அது உதை இல்லை.

நீலக் கம்பளிச் சட்டைக்கு அடியில், வயிற்றின் வலப்பக்கம், முஷ்டியளவு சின்ன முதுகு ஒன்று வில்லாக வளைந்து எழும்பியது. நடுங்கியது. இன்னும் வளைந்தது. கம்பளியின் பின்னல் கண் கண்ணாக விரியும் அளவுக்கு விறைத்து, அப்படியே நின்றது.

ஹான்சோல் சிரித்துக்கொண்டே இருந்தாள்.

அது இறங்கவில்லை.