நில்லுலே, பூண்டே!

"ஏலே... எங்கலே ஓடுற? நில்லுலே! சொன்னாக் கேக்க மாட்ட?"

சுகன்யா திட்டியது மனுஷனை இல்லை, பூண்டை. மேல்மலைக் கிராமமான போளூரிலிருந்து வந்த பஸ்ஸில் இறக்கிய மூன்று மூட்டைகளில் ஒன்று வாய் பிளந்துவிட்டது. கொடைக்கானல் ஞாயிற்றுக்கிழமைச் சந்தைக்கு இறங்குகிற பாதையில், கொட்டுகிற மழையில், பூண்டுகள் கும்மாளமாக உருண்டுகொண்டிருந்தன. சுற்றுலா வந்தவர்கள் குடைக்குள் நின்று வேடிக்கை பார்த்தார்கள். ஒரே ஒருத்தன் மட்டும் கையிலிருந்த போனைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு ஓடி வந்து, சாக்கடை ஓரத்தில் குத்தவைத்துப் பொறுக்க ஆரம்பித்தான்.

"பூண்டைப் போயி இப்பிடித் திட்றீங்களே... அதுக்குக் காது கேக்குமாங்க?"

"அதுக்குக் கேக்கல. உங்களுக்குக் கேட்டு ஓடி வந்துட்டீங்கள்ல?"

அவன் நிமிர்ந்தான். இமையில் மழை சொட்டச் சொட்ட... சிரிக்காமலே சிரிக்கிற கண்கள். சுகன்யா வெடுக்கென்று குனிந்து, ஏற்கெனவே பொறுக்கிய பூண்டையே மறுபடியும் பொறுக்கினாள்.

அவன் பெயர் குமரகுரு. பழனி அடிவாரத்தில் பஞ்சாமிர்தக் கடை வைத்திருக்கிற குடும்பம். இவன் கல்லாவில் உட்காரப் பிடிக்காமல், கொடைக்கானல் விடுதிகளுக்கு இன்ஸ்டாவில் வீடியோ போட்டுக் கொடுத்துக்கொண்டு மலையேறித் திரிந்தான். டீக்கடைத் தகரத்துக்கு அடியில் ஒதுங்கி நின்ற அரை மணி நேரத்தில், அவள் போனை வாங்கி 'போளூர் பூண்டு' என்று ஒரு பக்கமே திறந்து கொடுத்துவிட்டான்.

"எத்தன நாளைக்குங்க யாவாரி கையவே பாத்துக்கிட்டு இருப்பீங்க? திங்கிறவங்கள நேராக் கூப்பிடுங்க."

"நம்மள எவன் பாப்பான்?"

"நான் பாப்பேன்ல..." என்றவன், காது சிவந்து, "பேஜைச் சொன்னேன்" என்றான்.

அதற்கப்புறம் ஞாயிறு தவறாமல் வந்தான். பழனியிலிருந்து வெள்ளனே முதல் பஸ். பூண்டை எந்த வெளிச்சத்தில் எடுக்க வேண்டும், என்ன எழுத வேண்டும் என்று சொல்லிக் கொடுத்தான். "வெள்ளையாக் காட்டணும்னு நெனைக்காதீங்க. புகை போட்ட பூண்டு பழுப்பாத்தான் இருக்கும். உள்ளதச் சொல்லுங்க, வேணுங்கிறவங்க வருவாங்க" என்பான். வாரத்துக்கு ஐந்து ஆறு பேர் கேட்டு எழுத ஆரம்பித்தார்கள். பூண்டு போன கதை இருக்கட்டும்... இந்த ஞாயிறு சொல்லிவிடுவானா, அடுத்த ஞாயிறு சொல்லிவிடுவானா என்று சுகன்யாவின் மனசு கிடந்து அடித்துக்கொண்டது. அவனும் சொல்லவில்லை. இவளா சொல்லுவாள்?

அப்புறம்தான் அந்த வீடியோ வந்தது.

இருவரும் சந்தித்த அந்த முதல் நாள் மழையைப் படம் பிடித்துக்கொண்டிருந்தவன் போனில், அவளும் அவள் திட்டும் பூண்டும் விழுந்திருந்தன. இரண்டு மாதம் கழித்து ஒரு வியாழக்கிழமை, அவளிடம் ஒரு வார்த்தை கேட்காமல், தன் பக்கத்தில் அதைப் போட்டுவிட்டான். கீழே, 'போளூர் பூண்டு... வெரசா வாங்க' என்று அவள் பக்கத்தின் பெயர். மூன்றே நாளில் நாலு லட்சம் பேர் பார்த்தார்கள். 'பூண்டுக் கிறுக்கி' என்றான் ஒருத்தன். 'இந்த அக்காவக் கட்டிக்கப்போறவன் பாவம்' என்றான் இன்னொருத்தன். அவள் ஏறிய பஸ்ஸில் பின்சீட்டிலிருந்து, "நில்லுலே, பூண்டே!" என்று ஒரு குரல் வந்தது. பஸ்ஸே சிரித்தது.

அப்பா திருமலைச்சாமி டீக்கடைக்குப் போய்விட்டு டீ குடிக்காமலே திரும்பி வந்தார். "ஊரு சிரிக்கிறாப்புல ஆயிப்போச்சேம்மா..." என்றார். அவ்வளவுதான் சொன்னார். அதுவே போதுமாக இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை சந்தையில், அத்தனை பேருக்கு முன்னால் சுகன்யா வெடித்தாள்.

"நான் உங்களுக்கு வேடிக்கையாங்க? மலைக்காரி பேச்சு சிரிப்பா இருக்கோ?"

"சுகன்யா, ஒரு நிமிசம்... அத நான் சிரிக்கிறதுக்கு எடுக்கலைங்க..."

"பேசாதீங்க. இனிமே என் முகத்துல முழிக்காதீங்க."

அவன் கண்ணெதிரிலேயே போனை எடுத்து அவனை பிளாக் செய்தாள். அவன் அப்போதே பஸ் ஏறிப் போய்விட்டான். அடுத்த ஞாயிறு அவன் வரவில்லை. முழிக்காதே என்றால் முழிக்காமலே இருந்துவிடுவதா? மடையன்... அவள் பஸ் நிற்கும் இடத்தையே பார்த்துக்கொண்டு நின்றது பூண்டுக்கு மட்டும்தான் தெரியும்.

ஒன்றரை வருஷம் ஓடியது. வியாபாரம் எங்கேயோ போய்விட்டது. கொடைக்கானலுக்குப் பக்கத்தில் அட்டுவம்பட்டியில் ஒரு அறை பிடித்து, இரண்டு பெண்களை வைத்துப் பெட்டி கட்டி அனுப்பினாள். எப்படி இவ்வளவு வளர்ந்தது என்று கேட்டால், "நம்ம பூண்டு அப்பிடிங்க" என்பாள். வீடியோவைப் பார்த்துச் சிரித்தவர்களில் பாதிப் பேர் வாங்க வந்தார்கள் என்பது அவளுக்குத் தெரியும். வாயால் சொல்ல மாட்டாள். ஒன்று மட்டும்தான் புரியவில்லை. பழுப்பாக, புகை வாசத்தோடு போகிற பூண்டைப் பார்த்து ஒருத்தர்கூடக் குறை சொல்லவில்லையே, எப்படி?

ஒருநாள் கோயம்புத்தூரிலிருந்து பூண்டு வாங்கிய ஒரு அம்மாள் போனில் பேசினாள்.

"பூண்டு வந்துருச்சு கண்ணு. பழுப்பாத்தான் இருந்துச்சு, நான் பயப்படல. புகை போட்டாத்தான் கெடாம இருக்கும்னு அந்தத் தம்பி கமெண்ட்ல எழுதியிருந்தாப்லயே..."

"எந்தத் தம்பிங்க?"

"அதான், அந்த மழை வீடியோல... யார் என்ன கேட்டாலும் பதில் சொல்லிட்டே இருப்பாரே, அவருதான்."

சுகன்யா பெட்டி கட்டுவதை விட்டுவிட்டு இன்ஸ்டாவைத் திறந்தாள். பிளாக்கை எடுத்தாள். ஒன்றரை வருஷமாகக் கண்ணுக்குத் தெரியாமல் இருந்த பக்கம் திறந்தது.

கிறுக்கி என்றவனுக்கு அவன் எழுதியிருந்தான்: 'ஒத்த ஆளா மூணு மூட்டை எறக்கியிருக்காங்க. மழை கொட்டுது. நீங்க இருந்தா ஒரு பூண்டாச்சும் பொறுக்கிக் குடுத்திருப்பீங்களா?' பழுப்பைக் கேட்டவர்களுக்கு, புகையைக் கேட்டவர்களுக்கு, அனுப்ப எத்தனை நாள் ஆகும் என்றவர்களுக்கு... நூற்றுக்கணக்கில் பதில்கள். எல்லாவற்றுக்கும் மேலே, எவர் கண்ணிலும் முதலில் படும்படி ஒன்று: 'கேக்காமப் போட்டது என் தப்பு. எடுக்கச் சொன்னா அந்த நிமிசமே எடுத்துருவேன். அவங்க சொல்ற வரைக்கும், இங்க அவங்கள யாரு என்ன சொன்னாலும் நான் பதில் சொல்லுவேன்.'

கடைசிப் பதில் போன சனிக்கிழமை. அதற்கப்புறம் வந்த ஏழெட்டுக் கேள்விகள் அப்படியே நின்றன.

மறுநாள் காலை பஸ்ஸில் பழனிக்கு இறங்கினாள். அடிவாரக் கடையில், கல்லாவில், குமரகுரு. அவளைப் பார்த்ததும் எழுந்து நின்றான். அந்தக் கண்கள் இப்போது சிரிக்கவில்லை.

"வாங்க..." என்றான்.

"நாலு லட்சம் பேரு பாத்ததுக்கு நான் கோவப்படலைங்க" என்றாள் மூச்சிரைக்க. வழியெல்லாம் சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்த பேச்சு. "நீங்க என்னைய எப்பிடிப் பாத்தீங்கன்னு தெரியல. சிரிப்பாவா... இல்ல... அதக் கேக்கத் தைரியம் இல்லாமத்தான் சண்டை போட்டேன். எனக்கு உங்கள அவ்வளவு புடிச்சிருந்துச்சு. இப்பவும்தான்..."

அவன் வெகுநேரம் பஞ்சாமிர்த டப்பாக்களை அடுக்கினான். அடுக்கியவற்றையே மறுபடியும் அடுக்கினான்.

"அழகாத்தாங்க பாத்தேன்" என்றான்.

பாத்தேன். போன காலத்துப் பேச்சு. அவளுக்கு அப்போதே புரிந்துவிட்டது.

"போன ஞாயித்துக்கிழமைதான்... சண்முகப்பிரியான்னு, மாமா பொண்ணு... நிச்சயம் ஆச்சு. நல்ல புள்ளைங்க." கையிலிருந்த டப்பாவைக் கீழே வைத்தான். "ஒரு வாரம் முந்தி வந்திருக்கக் கூடாதா, சுகன்யா?"

வந்திருக்கலாம். ஒரு வாரம் என்ன, எழுபது எண்பது ஞாயிறுகளில் எந்த ஞாயிறும் வந்திருக்கலாம்...

"வீடியோவ எடுத்துரட்டுமா?"

"வேணாங்க. இருக்கட்டும். இனிமே பதில நான் சொல்லிக்கிறேன்."

திரும்புகிற பஸ் மலையேறும்போது மழை பிடித்துக்கொண்டது. ஜன்னலோரம் உட்கார்ந்து, பதில் இல்லாமல் நின்ற கேள்விகளுக்கு ஒவ்வொன்றாக எழுதினாள். புகை, பழுப்பு, அனுப்புகிற நாள்... கடைசியில் யாரோ ஒரு பெண் கேட்டிருந்தாள்: 'அக்கா, அன்னிக்கு ஓடின பூண்டெல்லாம் கெடச்சுதா?'

எழுத்து தெரியாமல் கண்ணீர் மறைத்தது. துடைத்துக்கொண்டு எழுதினாள்:

'எல்லாம் கெடச்சுருச்சும்மா. பொறுக்கிக் குடுத்தவரத்தான் விட்டுட்டேன். அவரு ஓடல... நான்தான் நில்லுங்கன்னு ஒரு வார்த்த சொல்லல.'