இருபது வரை எண்ணுங்க

தம்பியின் மூச்சு நின்ற பிறகும் கூடாரத்துக்குள் மூச்சுச் சத்தம் நிற்கவில்லை.

முதலில் அவள் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. இரண்டாவது முகாம் அது. பகல் முழுக்கக் கற்சரிவில் ஏறி வந்த அலுப்பு, நாக்கில் இரும்பை நக்கின மாதிரி ஒரு ருசி, கூடாரத் துணியில் காற்று உரசிக்கொண்டே இருக்கிற ஓசை. தன் மூச்சாகத்தான் இருக்கும் என்று வாயை இறுக மூடி மூக்கையும் பொத்திக்கொண்டு பார்த்தாள். சத்தம் வந்துகொண்டுதான் இருந்தது. இரண்டு ஸ்லீப்பிங் பேக்குகளுக்கும் நடுவே இருந்த ஒரு சாண் இடத்திலிருந்து, வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டுத் தூங்குகிற ஒரு பெரிய ஆளின் மூச்சு, நிதானமாக, ஈரமாக வந்தது. அவள் பன்னிரண்டு எண்ணி முடித்தபோது தம்பி ஒரு இழுப்பு இழுத்து மறுபடி மூச்சு விட ஆரம்பித்தான். அந்தக் கணமே மற்றது அடங்கிவிட்டது.

தம்பியின் மூச்சு எதுவென்று அவளுக்குத் தூக்கத்தில்கூடத் தெரியும். ஆறு வயதில் சறுக்குமரத்திலிருந்து விழுந்து மூக்கெலும்பு வளைந்தவன். மூச்சு உள்ளே போகும்போதெல்லாம் மெல்லிய சீழ்க்கை ஒன்று கூடவே போகும். "இவன் திருடப் போனா மாட்டிக்குவான்" என்று அம்மா சொல்லிச் சொல்லிச் சிரிப்பாள். நடுவில் கேட்ட மூச்சில் அந்தச் சீழ்க்கை இல்லை.

இதையெல்லாம் கண்டு நடுங்குகிற ஆளும் இல்லை அவள். பதினாறு வருஷமாக ஆஸ்பத்திரியில் நர்ஸ். மூச்சு எண்ணுவதுதான் அவள் பிழைப்பு. நாடி பார்க்கிற மாதிரி மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு, கண்ணை மட்டும் நெஞ்சின் மேல் வைத்து ஒரு நிமிஷம் எண்ணுவாள். எண்ணுவது தெரிந்தால் நோயாளி தன்னை அறியாமல் மூச்சை மாற்றிவிடுவான். வேலைக்குப் புதிதாக வருகிற பெண்களிடம் அவள் திரும்பத் திரும்பச் சொல்வது ஒன்றுதான், கண்ணால் எண்ணு, காதால் எண்ணாதே.

மலையில் கைடு சொன்னதும் மூச்சை எண்ணுவதைப் பற்றித்தான். முதல் நாளே எல்லாரையும் உட்கார வைத்து, தேய்ந்துபோன குரலில் சொன்னார். "உயரத்துல தூங்கறப்ப மூச்சு நடுவுல நின்னு நின்னு வரும். எல்லாருக்கும் வரும், பயப்பட வேண்டாம். பக்கத்துல படுக்கறவங்க இருபது வரை எண்ணுங்க. அதுக்குள்ள வரலைன்னா தட்டி எழுப்பிடுங்க. அவ்வளவுதான்."

ஏறுகிறவர்கள் மூன்றே பேர். அவள், தம்பி, ஒரு பல் டாக்டர். டாக்டரும் கைடும் ஒரு கூடாரம், அக்காவும் தம்பியும் ஒரு கூடாரம். ஐந்து நாளில் சிகரம் ஏறி இறங்கிவிடலாம் என்று பேச்சு.

தம்பி விரும்பி வந்தவன் இல்லை. பொண்டாட்டி பிரிந்து போன நாளிலிருந்து எட்டு மாதம் சோபாவிலேயே கிடந்தான். லிஃப்ட் மெக்கானிக். வேலைக்கும் போகவில்லை, குளிக்கக்கூட நாலு தடவை சொல்ல வேண்டியிருந்தது. அவனைக் கேட்காமலே பெயரைக் கொடுத்து, சட்டையைப் பிடித்து இழுக்காத குறையாகக் கிளப்பிக்கொண்டு வந்தவள் அவள்தான். பஸ் கிளம்பும்போது அம்மா ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, "நீதான் இழுத்துட்டுப் போற. நீதான் முழுசாக் கொண்டுவந்து விடணும்" என்றாள். அந்தச் சொல் அவள் முதுகில் இருந்த பையைவிடக் கனத்தது.

ஆனால் மலை அவனுக்கு ஒத்துக்கொண்டது. இரண்டாம் நாளே வாய் திறந்துவிட்டான். "ஊருக்கெல்லாம் லிஃப்ட் மாட்டுறவன் நான். என்னைப் போய் நடந்து ஏற வச்சுட்டியேக்கா" என்றான். எட்டு மாதத்தில் அவன் அடித்த முதல் ஜோக் அது. அவளுக்கு அழுகையே வந்துவிட்டது.

மூன்றாம் நாள் காலை, அவன் ஷூவுக்குள் உறுத்திய கல்லைத் தேடிக்கொண்டிருந்தபோது, அவள் கைடைத் தனியே கூப்பிட்டு இரவில் கேட்டதைச் சொன்னாள். சிரிப்பார் என்று எதிர்பார்த்தாள். அவர் சிரிக்கவில்லை.

"எத்தனை வரைக்கும் எண்ணினீங்க சிஸ்டர்?"

"பன்னெண்டு. அப்புறம் அவனே விட ஆரம்பிச்சுட்டான்."

"அப்ப ஒண்ணுமில்ல." அவர் கயிற்றைச் சுற்றிக்கொண்டே, அவள் முகத்தைப் பார்க்காமல் சொன்னார். "சத்தம் கேட்டாலும் சரி, கேட்கலைன்னாலும் சரி, அவரோட மூச்சு இருபதுக்குள்ள வரலைன்னா எழுப்பிடுங்க. மூச்சுதான் கேக்குதேன்னு சும்மா இருந்துடாதீங்க."

"அது என்னண்ணா?"

"காத்துதான்" என்றார். காற்றைப் பற்றிப் பேசுகிறவர் முகம் அப்படி இருக்காது. அப்போதே திரும்பியிருக்கலாம். ஆனால் அங்கே கல்லைக் கண்டுபிடித்த தம்பி அதை டாக்டரிடம் காட்டி, "இது சொத்தைப் பல்லு மாதிரியே இருக்கு பாருங்க" என்று வாய்விட்டுச் சிரித்துக்கொண்டிருந்தான். அந்தச் சிரிப்பைப் பாதியில் இறக்கிக்கொண்டுபோக அவளுக்கு மனம் வரவில்லை.

மேல்முகாம் பனித்திட்டின் மேல் இருந்தது. நான்காம் நாள் மூன்று மணிக்கே போய்ச் சேர்ந்தார்கள். வழக்கம்போலக் கைடு ஒவ்வொருவர் விரலிலும் கிளிப்பை மாட்டி ஆக்ஸிஜன் பார்த்தார். டாக்டருக்கு எழுபத்தெட்டு, அவளுக்கு எண்பது, தம்பிக்கு எழுபத்தாறு. இந்த உயரத்துக்கு இது போதும் என்றார். அதிகாலை இரண்டு மணிக்குச் சிகரத்துக்குக் கிளம்ப வேண்டும், இப்போதே தூங்குங்கள் என்றார்.

குளிரில் தம்பி ஸ்லீப்பிங் பேக்கின் தலைமூடியை இழுத்துக் கட்டிக்கொண்டான். மூக்கு நுனி மட்டும் தெரிந்தது. நெஞ்சு தெரியவில்லை, தடித்த பஞ்சின் மேல் கை வைத்துப் பார்த்தாலும் ஏற்ற இறக்கம் தெரியவில்லை. டார்ச் பேட்டரியைச் சிகரத்துக்கு மிச்சம் பிடிக்க வேண்டும். வேறு வழியில்லாமல் காதால் எண்ண ஆரம்பித்தாள்.

சீழ்க்கை நின்றது. ஒன்று, இரண்டு, மூன்று. பன்னிரண்டில் வந்தது. அடுத்த முறை பதினைந்தில். அதற்கடுத்த முறை பதினேழில். இடைவெளி விழும்போதெல்லாம் அந்த மற்ற மூச்சு வந்து அதை நிரப்பியது. இப்போது அது நடுவிலிருந்து வரவில்லை. தம்பியின் பேக் பக்கமிருந்தே வந்தது, பழைய பூட்டிய அறையைத் திறந்தால் அடிக்கிற ஒரு புழுங்கல் வாடையோடு. அவள் எழுந்து உட்கார்ந்தாள். டார்ச்சைப் போட்டாள். ஒன்றுமில்லை. தம்பியும் கூடாரத் துணியில் படிந்த உறைபனியும்தான். விளக்கை அணைத்துவிட்டுப் படுத்தாள்.

பதினாறில் வந்தது. பதினெட்டில் வந்தது. சீழ்க்கை ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் மெலிந்து, கொஞ்சம் தூரத்திலிருந்து வந்தது. மறுபடி நின்றது. ஒன்று. இரண்டு. மற்றது வந்தது, ஒழுங்காக, தாலாட்டுகிற மாதிரி. ஒன்பது. பத்து. நல்ல மூச்சு. இப்படி ஒரு மூச்சு விடுகிற நோயாளியைப் பற்றி எந்த நர்ஸும் கவலைப்பட மாட்டாள். பதினொன்று. பன்

அவளை எழுப்பியது தம்பி. "எழுந்திரிக்கா, மணி ரெண்டு" என்றான். ஷூ மாட்டி, பையைக் கட்டி, தயாராக உட்கார்ந்திருந்தான். அவளுக்கு உயிர் போய் உயிர் வந்தது. கண்ணைக் கசக்கிக்கொண்டு அவன் கன்னத்தைத் தொட்டுப் பார்த்தாள். இருந்தான். அது போதும் என்று இருந்தது.

வெளியே கைடு கிளிப்பை மாட்டினார். தம்பியின் விரலில் தொண்ணூற்றொன்பது காட்டியது. அவர் கிளிப்பைத் தட்டினார், பேட்டரியை மாற்றினார், தன் விரலில் மாட்டிப் பார்த்தார், மறுபடி தம்பிக்கு மாட்டினார். தொண்ணூற்றொன்பது. டாக்டர், "எனக்கு அதுல கொஞ்சம் கடன் குடுப்பா" என்றார். கைடு மட்டும் அவளை ஓரமாக அழைத்துப் போனார்.

"ராத்திரி எழுப்பினீங்களா சிஸ்டர்?"

பதினாறு வருஷத்தில் டியூட்டியில் ஒருநாள்கூட அவள் கண்ணயர்ந்ததில்லை. எண்ணிக்கையின் நடுவில் தூங்கிப்போனதை ஒப்புக்கொள்ள வாய் வரவில்லை.

"எழுப்பினேன்ணா. ரெண்டு தடவை" என்றாள்.

அவர் நீளமாக மூச்சு விட்டார். "அப்ப சரி, போலாம்."

ஏற்றத்தில் தம்பி அவளுக்கு முன்னால் போனான். மற்ற மூன்று பேரும் நாலு அடி வைத்து நின்றார்கள், நின்று இரைத்தார்கள், ஒரு வார்த்தை பேச இரண்டு முறை மூச்சு வாங்கினார்கள். விடிகிற நேரத்தில் அவன் பேச ஆரம்பித்தான். இறங்கியதும் வேலைக்குப் போகப் போவதாக, அம்மாவோடு இனி ஒரே வீட்டில் இருக்கப் போவதாக, அம்மா பக்கத்திலேயே படுத்துக்கொள்ளப் போவதாக. எங்கும் நிறுத்தாமல், ஒரே சீராக.

"என்னப்பா... இந்த உயரத்துல... மூச்சு விடாமப் பேசறே" என்றார் டாக்டர்.

தம்பி திரும்பி அவரைப் பார்த்துச் சிரித்தான். எல்லார் வாயிலிருந்தும் வெள்ளைப் புகையாக மூச்சு வந்தது, அவன் வாயிலிருந்து மட்டும் வரவில்லை என்பதை அவள் அப்போதுதான் கவனித்தாள்.

சிகரத்தில் கொடிக்கம்பைப் பிடித்துக்கொண்டு டாக்டர் அழுதார். கைடு படம் எடுத்தார். அவள் தம்பியின் அருகில் போய், கழுத்துத் துணியைச் சரிசெய்கிற மாதிரி தொட்டாள். எல்லார் கழுத்துத் துணியும் அவரவர் மூச்சு பட்டு ஈரமாகி, அது உறைந்து, அட்டை மாதிரி விறைத்திருந்தது. அவனுடையது உலர்ந்திருந்தது. மிருதுவாக. அம்மா மடித்துக் கொடுத்த மடிப்போடு.

அவன் மணிக்கட்டைப் பிடித்தாள். நாடி இருந்தது. கடிகாரம் மாதிரி. கண்ணை அவன் நெஞ்சில் வைத்தாள். ஒரு நிமிஷம் முழுதாகப் பார்த்தாள்.

ஒன்றுமில்லை.

"எண்ணிட்டியாக்கா?" என்றான்.

இறக்கத்தில் டாக்டரின் முழங்கால் பிசகியது. கைடு அவரைத் தோளில் தாங்கி, ஒவ்வொரு அடியாக இறக்க வேண்டியிருந்தது. "கொடி நட்ட தடத்திலேயே போங்க, முகாம் கண்ணுக்குத் தெரியுது பாருங்க" என்று அவளிடம் கத்தினார். அதற்கு முன்பே அவள் ஓட ஆரம்பித்திருந்தாள். ஏன் ஓடினாள் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. ராத்திரி எங்கே எண்ணிக்கையை விட்டாளோ அங்கே திரும்பிப் போக வேண்டும், அவ்வளவுதான். விழுந்தாள். எழுந்தாள். பின்னால் அவன் வந்துகொண்டிருந்தான். ஓடவில்லை. ஆனாலும் தூரம் குறைந்துகொண்டே இருந்தது.

கூடாரத்தின் ஜிப்பைத் திறந்தாள். பகல் வெளிச்சம் துணி வழியாக மஞ்சளாக விழுந்திருந்தது. தம்பியின் ஸ்லீப்பிங் பேக் தலைமூடி கட்டியபடியே கிடந்தது. உள்ளே ஆள் இல்லை. தட்டையாகக் கிடந்தது.

சீழ்க்கை கேட்டது.

மெல்லிசாக. ஊசி நுனி அளவு. நின்றது. அவள் மண்டியிட்டு, மூடியின் வாய்க்குள் கையை விட்டாள். வெதுவெதுப்பாக இருந்தது. ஒன்று, இரண்டு, மூன்று. விரல்களுக்கு எதுவும் தட்டுப்படவில்லை. ஒன்பது. பத்து. உள்ளங்கையில் ஒரு சின்னச் சூடு பட்டுப் போனது. கூடவே சீழ்க்கை.

"டேய்" என்றாள். "அக்காடா. வந்துட்டேன்டா."

சீழ்க்கை வேகமாக வந்தது. அழுகிற குழந்தை அழுகையை அடக்குகிற மாதிரி விட்டுவிட்டு வந்தது. அப்படியே தூக்கிக்கொண்டு போய்விடலாம். மடியில் வைத்து, பஸ்ஸில் வைத்து, அம்மாவிடம். எப்படியாவது. அவள் பேக்கை இரண்டு கையாலும் அள்ளினாள்.

வாசலில் வெளிச்சம் மறைந்தது.

"நகருக்கா" என்றான். "நான் சுருட்டறேன். உனக்கு அதைச் சரியா சுருட்ட வராது."

அவள் விடவில்லை. அவன் அவள் விரல்களை ஒவ்வொன்றாக, மரியாதையாக, வலிக்காமல் பிரித்தான். அவள் அவன் கையைக் கடித்தாள். கை அசையவில்லை. கைடைக் கூப்பிட வாயைத் திறந்தாள். காற்று போதவில்லை. குரல் வரவில்லை.

அவன் பேக்கைத் தரையில் விரித்தான். கால்மாட்டில் இரண்டு முழங்காலையும் ஊன்றினான். ஸ்லீப்பிங் பேக்கிலிருந்து காற்றை வெளியேற்ற எல்லாரும் செய்கிற மாதிரிதான். சுருட்டினான். அழுத்தினான். ஒரு முழம் முன்னால் நகர்ந்தான். மறுபடி சுருட்டினான்.

சீழ்க்கை நீண்டது. நிற்காமல். மேலே மேலே.

இடுப்பு வரை. நெஞ்சு வரை. கழுத்து.

மூடியின் வாயிலிருந்து கொஞ்சம் வெள்ளைப் புகை வந்தது. குளிர்காலத்தில் ஒரு ஆள் விடுகிற ஒரே ஒரு மூச்சு அளவு. அது கலைவதற்குள் அவன் குனிந்தான். வாயைத் திறந்தான். பெரிதாக. இன்னும் பெரிதாக. கடைசித் துளி வரைக்கும் உறிஞ்சி உள்ளே இழுத்துக்கொண்டான்.

அப்புறம் பேக்கைச் சுருட்டி வாரைக் கட்டினான். நிமிர்ந்து அவள் எதிரில் சம்மணம் போட்டு உட்கார்ந்தான். அவன் கழுத்துத் துணி மெல்ல ஈரமாகிக்கொண்டிருந்தது. மூக்கிலிருந்து சீழ்க்கை வந்தது, ஆறு வயதிலிருந்து கேட்ட அதே சீழ்க்கை. அவன் அவள் கையை எடுத்துத் தன் மணிக்கட்டில் வைத்துக்கொண்டான்.

"இப்ப எண்ணிப் பாருக்கா" என்றான். "அம்மாவுக்கு வித்தியாசம் தெரியுமா?"