சுவருக்கு எதற்கு ஏசி?

செத்து ஒரு வருஷமான ஆளுக்கு ஜலதோஷம் பிடிக்க வைத்தவன் இந்தப் பூமியில் நான் ஒருவன்தான்!

நம்ப மாட்டீர்கள். என் மருமகளைப் பெற்ற சம்பந்தியும் நம்பவில்லை. அவர் போலீஸ் இன்ஸ்பெக்டர். கண்ணாடியில் தன் முகத்தைப் பார்த்தாலே 'யார் நீ?' என்று கேட்கிற ரகம்!

கேளுங்கள்.

பல் டாக்டரான என் மருமகள் கிளினிக் வைக்க ஒரு மாடியை வாடகைக்குப் பிடித்தாள். போன வருஷம் வரை அங்கே ஓர் அடகுக்கடை. ஒரு காலையில்... தரையெல்லாம் ரத்தம்! அடகுக்காரரைக் காணோம். ஊரார் நகைகளையும் காணோம். சம்பந்திதான் விசாரித்தார். கடை மேனேஜரைக் கொலைகாரன் என்று உள்ளே தள்ளினார்.

பிணம் மட்டும் கிடைக்கவே இல்லை.

கொலை நடந்த இடம் என்பதால் வாடகை பாதி! நான் விடுவேனா?

"மனசு கேக்கல மாமா," என்றாள் மருமகள். "அந்த மேனேஜர் பொண்டாட்டி என்கிட்டதான் நர்ஸா இருக்கா. திங்கக்கிழமை தீர்ப்பு. ஆயுளுக்கும் உள்ளதான்னு பேசிக்கிறாங்க. ஒரே கையில ரெண்டு கிளவுஸ் மாட்டிக்கிட்டு நிக்கறா."

எனக்கும் பாவமாகத்தான் இருந்தது. ஆனால் கையில் கான்ட்ராக்டர் கொடுத்த எஸ்டிமேட்! அதைப் படித்ததும் எனக்கே பல் வலித்தது. வேலையில் இருந்த காலமெல்லாம் எஸ்டிமேட்டுகளை வெட்டிச் சாய்த்தவன் நான். பார்த்தாலே கான்ட்ராக்டர்கள் சட்டைப் பையைப் பொத்திக்கொள்வார்கள்!

"புது சீலிங்கா? பழசுக்குப் பெயின்ட் அடி. புதுக் கதவா? பாலிஷ் போடு. அடகுக் கவுன்ட்டர்தான் இனிமே ரிசப்ஷன். ஏசி காத்துக்கு சீலிங் மேல ஓடுற பழைய குழாய் போதும், துடைச்சு ஓட விடு!"

கான்ட்ராக்டர் கண்ணில் தண்ணீர்.

அப்போதுதான் பில்டிங் ஓனர் ஓடி வந்தார். ஃப்யூஸான பல்பைக்கூட வாடகைக்கு இருப்பவர் தலையில் கட்டுகிற மனுஷன்!

"பழைய ஏசி வேண்டாம் சார். குழாயெல்லாம் கழட்டிப் போட்டுடுங்க. புதுசு... நானே வாங்கித் தர்றேன்."

நானே!

எனக்குப் பொறி தட்டியது.

"அந்தப் பின்சுவரை மட்டும் தொடாதீங்க. உங்களுக்கும் செலவு மிச்சம் பாருங்க!"

அவர் படியிறங்கியதும் நான் ஏணி ஏறினேன். சீலிங் பலகையை நகர்த்தி டார்ச் அடித்தேன். கிளைக் குழாய்கள் அறைக்கு ஒன்றாக இறங்கின. ஒன்று மட்டும்...

நேராகப் பின்சுவருக்குள்!

மகளின் கிளினிக்கைப் பார்க்க வந்திருந்த சம்பந்தி கீழே நின்றார்.

"சம்பந்தி! சுவருக்கு எதுக்கு ஏசி?"

"அதுக்கு வேர்க்குதோ என்னவோ! ரிட்டையர் ஆன மனுஷன் வீட்ல உக்காந்து பேப்பர் படிக்கக் கூடாதா?"

"மத்த வழியை எல்லாம் அடைச்சுட்டு மொத்தக் காத்தையும் சுவருக்கே விட்டா?"

"கரன்ட் பில் எகிறும். வேறென்ன ஆகும்?"

அடைத்தேன். ஏசியைக் குளிரின் கடைசிப் புள்ளி வரை திருகினேன். வட துருவமே அந்தக் குழாய்க்குள் புகுந்தது! கரடி ஒன்று இருந்திருந்தால் போர்வை கேட்டிருக்கும்!

காத்திருந்தோம்...

காத்திருந்தோம்...

ஹச்!

சுவர் தும்மியது!

"எலி," என்றார் சம்பந்தி. குரல் மட்டும் இறங்கியிருந்தது.

"எந்த எலிக்குங்க இவ்வளவு பெரிய மூக்கு?"

ஹச்! ஹச்! "அய்யோ அப்பா..."

சாமான் அடுக்க வந்திருந்த நர்ஸின் கையிலிருந்த தட்டு தரையில் விழுந்து உருண்டது.

"டாக்டரம்மா! அது அடகுக்கடை முதலாளி தும்மல்! என் வீட்டுக்காரருக்குக் கடைக்குச் சாப்பாடு கொண்டு போறப்பல்லாம் கேட்டிருக்கேன். தும்மி முடிச்சா 'அய்யோ அப்பா'ம்பார்!"

"உளறாதம்மா. அவர் செத்தாச்சு!"

"நீங்கதான் சார் சாகடிச்சீங்க... காகிதத்துல!"

சம்பந்தி சுவரைப் பார்த்தார்.

திடீரென்று நான் நின்றிருந்த ஏணி ஆடியது. கீழே, சத்தம் கேட்டுத் திரும்பி வந்த ஓனர்! முகம் சுண்ணாம்பாக வெளுத்திருந்தது. ஏணியை ஒரே இழு!

"மாமா!" அலறினாள் மருமகள்.

குழாயைப் பிடித்துத் தொங்கினேன். ஊஞ்சலாடினேன். என் இரண்டு காலும் பின்சுவரில் போய் மோதின. சுவர் இல்லை, மட்டமான பலகை. பிஸ்கட்டாக நொறுங்கியது!

உள்ளே ஒரு கட்டில். மூட்டை மூட்டையாக நகை. போர்வைகளுக்கு நடுவே தக்காளி நிறத்தில் ஒரு மூக்கு.

கொலையுண்டவர்!

அவர் போலீஸைப் பார்க்கவே இல்லை. நேராக ஓனர் மீது பாய்ந்தார்.

"பாவி! ஏசியைக் கழட்டிடறேன்னியே! இந்தப் பொந்துக்கு ரெட்டை வாடகை வேற வாங்கினியேடா!"

எல்லாம் கொட்டியது. சிந்தியிருந்தது அவரே எடுத்து ஊற்றிய சொந்த ரத்தம். நகையில் ஓனருக்குப் பாதி. ஓனர் பூட்டி வைத்திருந்த ஸ்டோர் ரூம் வழியாகச் சாப்பாடு. மேனேஜருக்குத் தண்டனை விழுந்ததும், வழக்கு மூடிய கையோடு கம்பி நீட்டுவதாகத் திட்டம்.

"அப்புறம் ஏன்யா இந்த மாடியை என் பொண்ணுக்கு வாடகைக்கு விட்டே?" விலங்கை மாட்டியபடி கேட்டார் சம்பந்தி.

ஓனர் தலை குனிந்தார்.

"காலியா கிடந்துச்சுங்க... மனசு கேக்கல."

திங்கட்கிழமை. கோர்ட். நர்ஸ் முதல் பெஞ்சில் முந்தானையை வாயில் அழுத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். சம்பந்தி சாட்சிக் கூண்டில் ஏறினார். எதிரே மேனேஜர். ஒரே வருஷத்தில் தலை முழுக்க நரைத்திருந்தது. சம்பந்தியால் அந்தப் பக்கம் பார்க்க முடியவில்லை.

"இறந்துவிட்டார் என்று நீங்களே சொன்ன ஆளை எப்படிக் கண்டுபிடித்தீர்கள்?" என்றார் நீதிபதி.

சம்பந்தி முதலில் மேனேஜரைப் பார்த்துக் கைகூப்பினார். பிறகு என்னைப் பார்த்துப் பல்லைக் கடித்தார்.

"நான் நம்பலீங்கய்யா. தப்பு என்னோடதுதான். ஆனா நடந்தது நிஜம். செத்தவருக்கு ஜலதோஷம் பிடிச்சுது. பிடிக்க வெச்சவர் அதோ, இளிச்சுக்கிட்டு உக்காந்திருக்கார்... அவரையும் நாலு நாள் உள்ள வெச்சீங்கன்னா, என் பொண்ணு நிம்மதியா புது ஏசி வாங்கிக்குவா!"