தாங்குகிறவர்களுக்கு எதற்கு வீடு

வால்டாக்ஸ் சாலை நடைபாதையில் காலை எட்டு மணிக்கு அங்கேயே குடியிருக்கும் முப்பத்தொரு பேர் கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். ஒவ்வொருவர் மணிக்கட்டிலும் சாம்பல் நிறத்தில் ஒரு வளையம். நாடியையும் வியர்வையையும் ரத்தத்தில் ஓடும் சுரப்புகளையும் தொட்டுப் பார்த்து, மனதில் இருக்கும் வலி நூற்றுக்கு எவ்வளவு என்று சொல்லிவிடும் துயரமானி அது. அதனிடம் பொய் அழுகை செல்லாது. அது வந்த பிறகு உறைவிட வாரியத்தில் சிபாரிசுக் கடிதங்களுக்கு மதிப்பில்லை. யாருக்கு அறுபதுக்கு மேல் வலிக்கிறதோ அவருக்கு வீடு. இதைவிட நியாயம் உண்டா என்று ஊரே மெச்சியது.

மனு கொடுத்தவர்கள் மூன்று மாதம் மனத்திடப் பயிற்சிக்கு வர வேண்டும் என்று இன்னொரு விதியும் இருந்தது. பயிற்சி முடிந்த பிறகுதான் வீட்டுக்கான அளவு எடுப்பார்கள். அந்த வகுப்பை நடத்தியவள் தன்ஷிகா. தான் படித்த படிப்பை முழுசாக நம்புகிறவள்.

முதல் வாரம் அவளிடம் யாரும் ஒட்டவில்லை. அதிலும் தேசம்மா போகிற வருகிற லாரிகளின் மேல் கல்லெறிந்துகொண்டிருந்தாள். மகள் ஜமுனாவை அவள் பறிகொடுத்தபோது குழந்தைக்கு ஏழு வயது. மழையில் பன் வாங்கி வரச் சொல்லி அனுப்பியது தேசம்மாதான். மூடியில்லாத கால்வாய் தண்ணீருக்கடியில் இருந்தது குழந்தைக்குத் தெரியவில்லை. நாலு வருடமாகியும் தேசம்மாவின் வளையம் எண்பத்தொன்று காட்டியது.

"வலியைத் துரத்தாதீங்கக்கா. அதுக்கு உட்கார ஒரு இடம் குடுங்க" என்றாள் தன்ஷிகா.

தேசம்மா பத்து நாள் யோசித்தாள். பிறகு ஒரு காலை தானாகவே வந்தாள்.

"ஜமுனாவ பீச் ஸ்டேஷன் ரயில்ல ஜன்னலோரமா குந்த வச்சிட்டேன் டீச்சர். காத்து வாங்கிக்கினு போய்க்கினே கீறா."

அன்றிலிருந்து கல் எறிவது நின்றது. தலை வாரிக்கொண்டாள். மூன்றாம் மாத முடிவில் அவளுடைய எண் முப்பத்தெட்டு. நகரத்திலேயே நிம்மதியான வகுப்பு தன்ஷிகாவுடையது என்று வாரியம் அவளைப் பாராட்டிக் கடிதம் அனுப்பியது.

வீட்டுப் பட்டியல் வந்தபோது அந்த முப்பத்தொரு பேரில் ஒருவர் பெயரும் அதில் இல்லை.

தன்ஷிகா வார்டு அதிகாரியிடம் ஓடினாள். அவர் நல்ல மனிதர்தான். நாற்காலி போட்டு உட்காரச் சொன்னார்.

"நீங்க நல்லா சொல்லிக் குடுத்திருக்கீங்க மேடம். எல்லாரும் நாப்பதுக்குக் கீழ. தாங்குறவங்களுக்கு எதுக்கு வீடு? தாங்க முடியாதவங்க எத்தனை பேர் காத்திருக்காங்க!"

"முதல் நாள் எடுத்த அளவு இருக்கே சார்?"

"அது பயிற்சிக்கு முந்தினது. செல்லாது. வேணும்னா மேல்முறையீடு போடுங்க. இன்னொரு தடவை அளப்போம்."

அந்த ஒரு வாரமும் தன்ஷிகா பாடத்தைத் தலைகீழாக நடத்தினாள். மூடி வைத்ததை எல்லாம் திறக்கச் சொன்னாள். தேசம்மா மட்டும் மறுத்தாள்.

"வேணாம் டீச்சர். அவ பாட்டுக்குப் போய்க்கினு கீறா. எறக்க வேணாம்."

"ஒரு மணி நேரம்தான்க்கா. வீடு கிடைச்சதும் மறுபடி ஏத்தி விட்டுடலாம்."

ஐப்பசி மழை தொடங்கியிருந்தது. தார்ப்பாயில் மூன்று இடத்தில் ஒழுகியது. தேசம்மா அதை அண்ணாந்து பார்த்துவிட்டு, சரியென்று தலையாட்டினாள்.

அளக்கும் நாளில் வரிசையில் முதலாவதாக அவள்தான் நின்றாள். கண்ணை மூடினாள். ரயில் நின்றது, குழந்தை இறங்கியது, தெருவில் தண்ணீர் ஓடியது. "நாந்தான் போவச் சொன்னேன், நாந்தான் போவச் சொன்னேன்" என்று அவள் தலையைத் தரையில் மோதத் தொடங்கினாள். இரண்டு பேர் பிடித்தும் அடங்கவில்லை. வளையம் எழுபதைத் தாண்டி, எண்பதைத் தாண்டி, தொண்ணூற்றொன்றில் நின்றது.

"எண்பத்தஞ்சுக்கு மேல போனா தனியா வாழத் தகுதியில்லைன்னு விதி மேடம்" என்றார் அதிகாரி. அவர் குரலில் உண்மையான வருத்தம் இருந்தது. "எண்பதுலயே நிறுத்தச் சொல்லியிருக்கலாம்."

மனநலக் காப்பக வண்டி வந்து தேசம்மாவை ஏற்றிக்கொண்டு போனது. வரிசையில் பின்னால் நின்றவர்கள் ஒவ்வொருவராக நழுவிப்போனார்கள்.

காப்பகத்தில் பார்வையாளர் அனுமதி கிடைக்க மூன்று வாரம் ஆயிற்று. தன்ஷிகா அழுதுகொண்டேதான் உள்ளே போனாள். தேசம்மாவோ கட்டிலில் சப்பணமிட்டு உட்கார்ந்து இட்லி தின்றுகொண்டிருந்தாள். தலையில் எண்ணெய், உடம்பில் வெள்ளைப் புடவை. முகம் தெளிவாக இருந்தது.

"சரியாயிட்டீங்களேக்கா! நான் டாக்டர்கிட்ட சொல்றேன்..."

"ஷ்ஷ்! மெதுவா பேசு டீச்சர்." தேசம்மா அவளை இழுத்துப் பக்கத்தில் உட்கார வைத்தாள். "சரியாயிட்டேன்னு தெரிஞ்சா வெளிய அனுப்பிருவாங்கோ. எங்க போவேன்? அதே பிளாட்பாரம். இங்க கூர கீது, மூணு வேள சோறு கீது. வாராவாரம் அளக்குறாங்கோ, எண்பத்தஞ்சுக்குக் கீழ எறங்காம பாத்துக்கினா போதும்."

"எப்படிக்கா? அதை ஏமாத்த முடியாதே?"

"யாரு ஏமாத்துறா?" தேசம்மா தட்டைக் கீழே வைத்தாள். "அளக்க வர்றதுக்கு முன்னாடி அவள பன்னு வாங்க அனுப்பிருவேன். நீ சொல்லிக்குடுத்ததுதான். வாரத்துல ஒரு தபா. மீதி ஆறு நாளு நிம்மதியா கீறேன்."

தன்ஷிகா அவள் கையைப் பிடித்து இழுத்தாள். "வேண்டாம்க்கா. வாங்க, போயிடலாம்" என்றாள்.

"வெளிய மழ பேயுதா?"

"பெய்யுது."

"அப்புறம்?"

செவிலி வளையத்தோடு வந்தாள். தேசம்மா கை கழுவி, துடைத்து, மணிக்கட்டை நீட்டிவிட்டுக் கண்ணை மூடினாள். முதலில் உதடு நடுங்கியது. பிறகு அடிவயிற்றிலிருந்து அந்த ஓலம் வந்தது. தன்ஷிகா பதறி அவள் தோளைப் பிடித்தாள். மூச்சை மெதுவாக விடுங்கக்கா, நான் இருக்கேன் என்ற சொற்கள் தொண்டைவரை வந்துவிட்டன. ஆயிரம் பேருக்குச் சொன்ன சொற்கள். சொன்னால் எண் இறங்கிவிடும்.

வாயைப் பொத்திக்கொண்டு எழுந்து, சுவரோரம் தள்ளி நின்றாள்.

"தொண்ணூத்தி மூணு" என்று எழுதிக்கொண்டாள் செவிலி. "இந்த வாரமும் இங்கயே இருக்கட்டும்."